இருபத்து மூன்றாம் விதியும் பானி கெனியாவும்

1976-ஆம் வருஷம் நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்றே கால் மணியிலிருந்து கெனோவேஃபா மாலிஷ் பேசுவது யாருக்கும் கேட்காமல் போயிற்று. அவள் பேச்சை நிறுத்திவிடவில்லை. போலந்தில், கர்பார்ஸ்கா தெரு மொழியியல் கழகத்தின் தரைத்தளத்தில், கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கும் அறையில், பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆறு வருஷமாக எப்படிப் பேசினாளோ அப்படியேதான் அன்றும் பேசிக்கொண்டிருந்தாள். பூட்ஸில் பனிச்சேற்றோடு உள்ளே வருகிறவர்களைத் திட்டினாள். கோட்டின் கழுத்தில் மாட்டுவதற்கு வார் இல்லாமல் வருகிற ஆண்களை, அதைத் தைத்துக் கொடுக்காத அவர்களுடைய பெண்டாட்டிகளை, பெண்டாட்டி இல்லாதவர்களானால் அவர்களுடைய அம்மாக்களைத் திட்டினாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை வழக்கம்போலக் காற்றை வெட்டியது. சத்தம் மட்டும் இல்லை. அங்கே எல்லாரும் அவளைப் பானி கெனியா என்றுதான் கூப்பிடுவார்கள்; பானி என்றால் அம்மா, பான் என்றால் ஐயா. பானி கெனியாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று மூன்றாம் மாடியில் பேசிக்கொண்டார்கள். வாய் ஓயாத பொம்பளை, நாலு நாள் நிம்மதி என்று இரண்டாம் மாடியில் சொன்னார்கள். இரண்டாம் மாடிக்காரர்கள் எப்போதும் அப்படித்தான்.

அந்தக் கட்டடத்தில் இதற்குக் காரணமான ஆள் ஒருவன்தான். அது அவனுக்கே பதினாறு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஸெனோன் குர்பிஷ், வயது நாற்பத்தேழு, நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. டாக்டர் பட்டத்தோடு விரிவுரையாளராகச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒன்பது வருஷத்துக்குள் இன்னொரு பெரிய ஆய்வு நூலை அச்சிட்டு, சபையின் முன் நின்று பதில் சொல்லி, ரகசிய ஓட்டில் தேறி, மேல்பட்டம் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் கழகம் கொடுத்த வீடும் போய்விடும். மனைவி ஏற்கெனவே போயிருந்தாள். "காதுல விழாத எழுத்துக்கெல்லாம் ராத்திரி பகலா காவல் இருக்கே, நான் பேசறது உன் காதுல விழவே இல்ல" என்று சொல்லிவிட்டு வ்ரோட்ஸ்வாவுக்கு ரயிலேறினாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அவனுடைய ஆய்வு பன்மை பற்றியது. நமக்கு ஒரு 'கள்' இருக்கிறது. மரமானாலும் மாடானாலும் ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். போலிஷ்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பூனை பலவானால் ஒரு விகுதி, கத்தி பலவானால் வேறொன்று, கனவான்கள் கூடினால் இன்னொன்று. மனிதன் பலரானால் சொல்லே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். வருஷங்களைக் கோடைகாலங்கள் என்று எண்ண வேண்டும். இதையெல்லாம் அவர்கள் தாய்ப்பாலோடு குடித்துவிடுகிறார்கள், ஏன் என்று கேட்பதில்லை. ஸெனோன் கேட்டான். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் அடியில் காதில் விழாத ஒரு வடிவம் உண்டு, ஆயிரம் வருஷத்துக்கு முன் வாயிலிருந்து உதிர்ந்துபோன உயிரொலிகள் அங்கே இன்னும் உட்கார்ந்திருக்கின்றன, அந்த வடிவம் வரிசையாக இருபத்து மூன்று விதிகளைக் கடந்து வந்தால் சரியான விகுதியோடு வெளியே வந்து நிற்கும், விதிவிலக்கு என்று ஒன்றுமே கிடையாது என்பது அவன் கோட்பாடு. அரசாங்க அலுவலகத்தில் ஒரு மனு சன்னல் சன்னலாகப் போய் முத்திரை வாங்குகிற மாதிரிதான். முதல் இருபத்திரண்டு சன்னல்களைக் கட்ட எட்டு வருஷமும் ஒரு கல்யாணமும் செலவாயின. இருபத்து மூன்றாவது விதி, சகோதரர்கள், பாதிரிமார்கள் என்ற சொற்களில் மட்டும் மிஞ்சியிருக்கிற பழைய 'யா' விகுதியைப் பற்றியது. அது செத்துப்போன விகுதி, உயிரோடிருக்கும் எந்த வாயும் அதைப் புதிதாக இன்னொரு சொல்லில் ஒட்டாது என்றது அந்த விதி. அது நின்றால் மற்றவை நிற்கும். அது சரிந்தால் மொத்தமும் சரிந்துவிடும்.

ஒவ்வொரு விதியையும் கிராமத்து வாய் ஒன்றில் சரிபார்ப்பது அவர்கள் தொழில் வழக்கம். அந்த வருஷம் கிராமங்களுக்குப் போய்வர அனுமதி வரவில்லை. அதனால் ஸெனோன் படியிறங்கிக் கீழே போனான். பானி கெனியா கிழக்கே ஒல்ஷானிக்கா என்ற ஊர்க்காரி. புருஷன் செத்த வருஷம் நகரத்துக்கு வந்தவள்.

"உங்க ஊர்ல மகன் ஒருத்தன்னா 'சின்'. ரெண்டு பேர்னா என்னன்னு சொல்வீங்க?"

"ஏன், பான் டாக்டருக்கு ரெட்டைப் பிள்ளை பொறக்கப் போவுதா?"

"சும்மா சொல்லுங்க, பானி கெனியா."

"சின்யா. வேற என்ன சொல்வாங்க? என் சின்யா. ஒண்ணு நிலக்கரிக்குள்ள கெடக்குது, ஒண்ணு கப்பலுக்குள்ள கெடக்குது."

புத்தகம் படித்தவர்கள் 'சினோவ்யே' என்பார்கள். ஸெனோன் மறுபடி கேட்டான். அவள் அதையே சொன்னாள். மூன்றாம் தடவை கேட்டபோது, காதில் எண்ணெய் விட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு அதையே சொன்னாள். அவன் நான்கு மாடியும் ஏறினான். முழங்கால் வலித்தது. நாற்காலியில் விழுந்தான். பிறகு ஒரு வெள்ளை அட்டையை எடுத்து 'சின்யா' என்று எழுதி, அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டான். ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால் அதை யாரும் சொல்வதில்லை என்று அர்த்தம். உலகம் முழுக்க மொழியியல்காரர்களின் வழக்கம் இது. தன் இரண்டு காதாலும் மூன்று தடவை கேட்டதற்குத்தான் அவன் நட்சத்திரம் போட்டான். மணி மூன்றே கால். அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

பானி கெனியாவைத் தொண்டை வைத்தியர் பார்த்தார். குரல்நாண்கள் இரண்டும் ஒழுங்காக அதிர்கின்றன, கழுத்தில் விரல் வைத்தால் துடிப்பு தெரிகிறது, நோய் எதுவுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். கோட்டு மாட்டுவதற்குக் குரல் எதற்கு என்று நிர்வாகம் அவளை வேலையில் வைத்துக்கொண்டது. அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கிருந்த கவலை ஒன்றே ஒன்று. மூத்தவன் செஷெக் தெற்கே சுரங்கத்தில் வேலை செய்தான், இளையவன் மியேடெக் வடக்கே கப்பல் கட்டும் துறையில் வேலை செய்தான். 1970-இல் அப்பனைப் புதைத்து மண் மூடிய பிறகுதான் செஷெக் வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பானி கெனியா ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் தபால் நிலையத்துக்குப் போய் இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தொலைபேசினாள். உன் தம்பி உன்னைக் கேட்டான் என்று இவனிடம் சொல்வாள், உன் அண்ணன் உன்னைக் கேட்டான் என்று அவனிடம் சொல்வாள். ஒருத்தனும் ஒருத்தனைக் கேட்டதில்லை. ஆறு வருஷம் இப்படிப் பொய்யாகவே சொல்லிச் சொல்லி இரண்டு பேரையும் இளக்கிக்கொண்டு வந்து, அந்த நவம்பர் இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்துக்கு இருவரையும் ஒரே மேசைக்குக் கூப்பிடலாம் என்று வைத்திருந்தாள். அதற்கு ஐந்து நாள் முன்னால் குரல் போய்விட்டது. அந்த ஞாயிறு இரண்டு மகன்களுக்கும் தொலைபேசியில் மூன்று மூன்று நிமிஷம் இரைச்சல் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி அவளே நான்காம் மாடி ஏறி வந்தாள். ஸெனோனின் கையைப் பிடித்து, பேச்சொலி ஆய்வறைக்கு இழுத்துப்போய், குரலைத் தாளில் வரையும் இயந்திரத்தின் ஒலிவாங்கி முன்னால் நின்று வாயசைத்தாள். அந்த இயந்திரம் ஒரு தடவைக்கு இரண்டரை நொடிப் பேச்சைத்தான் எடுக்கும், அதை வரைந்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். ஊசி அசைந்தது. காதுக்குக் கேட்காத குரல் தாளில் கறுப்புப் பட்டைகளாகத் தெளிவாக விழுந்தது. அந்தப் பட்டைகளைப் பார்த்துப் பேச்சைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த நகரத்தில் இரண்டே பேர். ஸெனோன் அதில் ஒருவன். முதல் தாளில் இருந்தது: "நீதான்டா எடுத்தே." பானும் இல்லை, டாக்டரும் இல்லை. இரண்டாம் தாள்: "செவ்வாக்கிழம கேட்டே. அன்னிக்கே போச்சு." மூன்றாம் தாள்: "அட்டையில என்ன எழுதினே?"

"அது சும்மா ஒரு குறி, பானி கெனியா. எங்க தொழில்ல எல்லாரும் போடறதுதான்" என்றான் அவன். "யாரும் அப்படிச் சொல்றதில்லைன்னு அர்த்தம்."

அவள் அவனைப் பார்த்தபடியே ஒலிவாங்கியில் எதையோ சொன்னாள். ஐந்து நிமிஷம் இருவரும் இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாளில் இருந்தது: "நான் யாரும் இல்லையா?"

அவன் ஓடிப்போய் அட்டையிலிருந்த நட்சத்திரத்தை ரப்பரால் அழித்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பது அவனுக்கு உடனே விளங்கிற்று: தட்டெழுத்துப் பிரதி தணிக்கை முத்திரை வாங்கிக்கொண்டு முந்தின வாரமே அச்சகத்துக்குப் போய்விட்டது. இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம், ஒன்பதாம் வரி. மறுநாள் அச்சகத்துக்குப் போக டிராமில் ஏறினான். நிறுத்தச் சொன்னால் அந்த ஒரு வரி மாறும், வரி மாறினால் இருபத்து மூன்றாம் விதி விழும், விதி விழுந்தால் புத்தகம் இல்லை, அடுத்த செப்டம்பரில் வேலையும் இல்லை, வீடும் இல்லை. அச்சகத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, நடந்தே வீட்டுக்குத் திரும்பினான். முதலில் பட்டம் வரட்டும், அப்புறம் இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெட்கங்கெட்ட வேலைதான். ஆனால் களைத்துப்போன மனுஷன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புத்தகம் ஏப்ரலில் வந்தது, பச்சை அட்டை, முன்னூற்று இருபது பிரதிகள். கழகத்தின் தலைவர் பேராசிரியர் வில்ச்கோவ்ஸ்கி பரிசோதகர் என்ற முறையில் அதை வானளாவப் புகழ்ந்து எழுதினார். ஜூனில் சபை கூடியது, ஒரு எதிர் ஓட்டோடு பட்டம் கிடைத்தது, காபியும் பாப்பி விதைக் கேக்கும் கொடுத்தார்கள். எல்லாரும் கை குலுக்கினார்கள். கோட்டு வாங்கக் கீழே போனபோது பானி கெனியா அவனுடைய கோட்டை எடுத்துப் பலகைமேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதடுகூட அசையவில்லை. மறுநாளே அவன் ஒரு சவரப் பிளேடோடு புத்தகக் கிடங்குக்குப் போனான்.

விற்காமல் கிடந்த பிரதிகள் நூற்று நாற்பத்தாறு. ஒவ்வொன்றிலும் இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தைத் திறந்து, ஒன்பதாம் வரியில் அந்தச் சின்ன நட்சத்திரத்தைத் தாள் கிழியாமல் சுரண்டி ஊதிவிட வேண்டும். பதினோரு நாள் ஆயிற்று. குரல் வரவில்லை. பிழைதிருத்தச் சீட்டு அச்சடித்து எல்லாருக்கும் அனுப்பலாமா என்று கேட்டதற்கு, தான் பரிசோதித்த நூலில் பிழை கிடையாது என்று வில்ச்கோவ்ஸ்கி சொல்லிவிட்டார். நாட்டுக்குள் நூலகங்களிலும் ஆட்களிடமும் நூற்று அறுபத்து மூன்று பிரதிகள் இருந்தன. ஒவ்வொரு ஊராக ரயிலேறிப் போனான். வாசகசாலையில் உட்கார்ந்து தன் புத்தகத்தைத் தானே இரவல் கேட்டு வாங்கி, தூணுக்குப் பின்னால் மறைந்து சுரண்டினான். வெளிநாட்டில் இருந்த பதினொன்றுக்குக் கடிதம் எழுதினான்: மதிப்பிற்குரிய சக ஆய்வாளருக்கு, கனிவோடு ஒரு பிளேடு எடுத்துக்கொள்ளுங்கள். செண்டாயிலிருந்த ஜப்பானியப் பேராசிரியர் சுரண்டின தூளை ஒரு மெல்லிய காகிதத்தில் மடித்துத் திருப்பி அனுப்பினார். இதற்கிடையில் பானி கெனியா பேச வேண்டியதை இயந்திரத்தில் பேச, அவன் படித்து மகன்களுக்குக் கடிதம் எழுதினான். அவனுக்கு வந்தது புத்தக மொழி. 'அன்புள்ள மகனே, உன் உடல்நலம் குறித்த தகவலை எதிர்நோக்குகிறேன்' என்று ஆரம்பித்தால் எந்த மகன் நம்புவான்? எங்க அம்மாவ வச்சு எந்த ஆபீஸ்காரன் கடுதாசி எழுதறான் என்று மியேடெக் திருப்பிக் கேட்டான். இருவரும் வருஷத்துக்கு ஒரு தடவை, ஒருவர் வரும் நாளில் மற்றவர் வராமல் பார்த்துக்கொண்டு, தனித்தனியாக வந்து ஊமை அம்மாவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

வருஷங்கள் போயின. ஒரு நூலகத்தில் பிளேடும் கையுமாகப் பிடிபட்டான். ஒழுங்கு விசாரணை நடந்தது. அதைவிடப் பெரிய கேடு, நட்சத்திரம் போன பிரதிகளைப் படித்த பிள்ளைகள் இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் அந்த வடிவம் உயிரோடு நிற்பதைப் பார்த்து, அப்படியானால் இருபத்து மூன்றாம் விதி எப்படி நிற்கும் என்று கட்டுரை எழுத ஆரம்பித்தார்கள். தன் விதியைத் தன் உதாரணத்தாலேயே உடைத்த ஆள் என்று கருத்தரங்குகளில் சிரித்தார்கள். ஸெனோனை நான்காம் மாடியிலிருந்து இறக்கி, நிலவறையில் வெளிநாட்டு மாணவர்களுக்கு போலிஷ் சொல்லித்தரும் வேலையில் போட்டார்கள். வியட்நாமியர்களும் கியூபாக்காரர்களும் பன்மை ஏன் இப்படி என்று கேட்டார்கள். "ஏன்னு கேக்காதீங்க. மனப்பாடம் பண்ணுங்க" என்றான் அவன். ராணுவச் சட்டம் வந்த வருஷம் ரயில் பயணத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது, தொலைபேசிகளை அறுத்துவிட்டார்கள், ஒரு வருஷம் முழுக்க மூன்று பிரதிகள்தான் முடிந்தன. 1983 வேனிலில் முன்னூற்றுப் பத்தொன்பதையும் சுரண்டிவிட்டான். குரல் வரவில்லை. மிச்சமிருந்தது வில்ச்கோவ்ஸ்கியின் சொந்தப் பிரதி; அது அவருடைய பூட்டிய அலமாரியில் இருந்தது. நேரில் போய்க் கேட்டான். "குர்பிஷ், வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றார் அவர்.

வில்ச்கோவ்ஸ்கி அந்த அக்டோபரில் ஓய்வு பெற்றார். வேண்டாத புத்தகங்களைப் பெட்டிகளில் போட்டுப் பழைய புத்தகக்காரன் வந்து எடுத்துப்போகட்டும் என்று கோட்டு அறையில் இறக்கி வைத்தார்கள். ஒரு மாதம் அவன் வரவேயில்லை. நவம்பர் இருபத்து மூன்று, புதன்கிழமை மதியம், பெட்டிகள் வழியை அடைக்கின்றன என்று பானி கெனியா ஒன்றைக் காலால் தள்ளினாள். பச்சை அட்டை எட்டிப் பார்த்தது. நிலவறைக்கு ஆள் அனுப்பினாள். ஸெனோன் வந்து, பக்கத்தைத் திறந்து வரியைக் காட்டினான். பிளேடை அவன் கையிலிருந்து அவள் வாங்கிக்கொண்டாள். அவளே சுரண்டினாள். ஊதினாள். நிமிர்ந்து ஏதோ சொன்னாள். ஒரு சத்தமும் இல்லை.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏழு வருஷத்துக் களைப்பு ஒரே நேரத்தில் வந்து இறங்கியது; அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. அப்போதுதான், இறுக மூடியிருந்த அவள் உதடுகளிலிருந்து குரல் கேட்டது. "தொப்பிய விட்டுட்டுப் போறீங்களே, பான் டாக்டர்! மண்டையில இருக்கிற கொஞ்சமும் ஆவியாப் போயிடப் போவுது!" ஸெனோனிடம் தொப்பியே இல்லை. அவனுடைய தொப்பி 1976-இல் தொலைந்துபோனது. பானி கெனியா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கிடையிலிருந்து அவள் குரல், பூட்ஸில் சேற்றோடு வந்த யாரோ ஒருவனைத் திட்ட ஆரம்பித்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று நாள் எழுதிப் பார்த்ததில் சங்கதி தெளிவாயிற்று. அவள் இப்போது பேசுவது கேட்காது. ஏழு வருஷத்துக்கு முன் அதே நாள் அதே நிமிஷம் எதைப் பேசினாளோ அது கேட்கும். விட்ட இடத்திலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது, ஒரு வார்த்தைகூடத் தாண்டாமல்.

பானி கெனியா நாட்காட்டியை எடுத்துப் பார்த்தாள். நவம்பர் இருபத்தெட்டு இந்த வருஷம் திங்கட்கிழமை. விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அன்று காலை ஸெனோனையும் அழைத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போய், சுரங்க அலுவலகத்துக்கு ஒன்று, கப்பல் துறைக்கு ஒன்று என்று அன்று சொன்ன அதே வரிசையில் அழைப்பு எழுதிக் கொடுத்தாள். லைனை நேரத்துக்கு வாங்க ஸெனோன் சன்னல்காரியிடம் சண்டை போட வேண்டியிருந்தது. பத்து பத்துக்கு செஷெக்கைச் சுரங்கத்திலிருந்து மேலே கூப்பிட்டு வந்தார்கள். பானி கெனியா கருவியை வாயருகே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"செஷெக், அம்மா பேசறேன். கழுத்துல துண்டு கட்டியிருக்கியா? கேளுடா. கிறிஸ்துமஸ் விருந்துக்கு இந்தத் தடவ வீட்டுக்கு வா. மியேடெக்கும் வரான். அவன்தான் உன்னக் கூப்பிடச் சொன்னான். செஷெக்? என்னடா, கேக்குதா? கேக்குதா?"

அன்றைக்கு இரைச்சல்தான் போயிருந்தது. இன்றைக்குத் தெற்கேயிருந்து ஒரு முப்பத்தாறு வயதுக்காரன் கத்தினான்: "கேக்குதும்மா! கேக்குது!" அவள் குரல் அதைப் பொருட்படுத்தாமல் இன்னும் எட்டுத் தடவை கேக்குதா, கேக்குதா என்று கேட்டது. அவனும் எட்டுத் தடவையும் பதில் சொன்னான். இருபது நிமிஷம் கழித்து மியேடெக்கிடம் அதே பேச்சு, பெயர் மட்டும் மாறி. இது எந்த வருஷத்து அழைப்பு என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

டிசம்பர் இருபத்து நான்காம் தேதி மாலை இருவரும் வந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை விருந்து நல்லபடி முடியுமென்ற நம்பிக்கையில்லாமல் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகவே வந்திருந்தார்கள். மாடிப்படியில் சந்தித்தபோது ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டதோடு சரி. மேசை விரிப்புக்கு அடியில் சடங்குக்கு வைக்கோல், பீட்ரூட் சூப், கெண்டை மீன், முட்டைக்கோசு வைத்த பியெரோகிக் கொழுக்கட்டை, வழக்கப்படி எதிர்பாராத விருந்தாளிக்கென்று ஒரு வெற்றுத் தட்டு. அந்தத் தட்டுக்கு முன்னால் ஸெனோன் உட்கார்ந்திருந்தான். 'ஆறு மணிக்கு வரணும்' என்று பானி கெனியா கோணல் எழுத்தில் எழுதிக் கொடுத்ததால் வந்திருந்தான். விருந்துக்கு முன் வாழ்த்துச் சொல்லி மெல்லிய அப்பத்தை ஒருவருக்கொருவர் பிட்டுக்கொள்ளும்போது அண்ணனும் தம்பியும் அம்மாவிடம் பிட்டார்கள், ஸெனோனிடம் பிட்டார்கள், தங்களுக்குள் பிட்டுக்கொள்ளவில்லை. ஆறு மணி ஆயிற்று.

"வாங்க, உக்காருங்க ரெண்டு பேரும்" என்றது பானி கெனியாவின் குரல். அவள் உதடு அசையவில்லை. குரல் ஏழு வருஷம் பிந்தி வருகிற விஷயத்தை ஸெனோன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான். சொன்னதை அவர்கள் பாதிதான் நம்பியிருந்தார்கள். இப்போது புரிந்தது. எழுபத்தாறாம் வருஷம் இதே மாலை, யாரும் வராத வீட்டில், இரண்டு காலி நாற்காலிகளுக்கு முன்னால் இரண்டு தட்டை வைத்து, அவற்றோடு அவள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"செஷெக், கதவுப் பக்கம் வேணாம், உனக்கு நெஞ்சுச் சளி. அடுப்புப் பக்கம் உக்காரு." செஷெக் எழுந்து நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "மியேடெக், உனக்கு இன்னிக்குச் சொல்றேன். அப்பா போன அன்னிக்குப் பனியில ரயில் நின்னு போச்சு. உங்க அண்ணன் பதினேழு கிலோமீட்டர் நடந்து வந்தான். கால்ல ரெண்டு விரலு கறுத்துப் போயி வெட்டி எடுத்தாங்க. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். இந்த மேசைக்கு வந்தப்புறம் சொல்லலாம்னு வச்சிருந்தேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "அவன் உன்னக் கேட்டான்னு சொன்னதெல்லாம் பொய்யி. நீயும் அவனக் கேட்டதில்ல. ஆறு வருஷம் என் வாயாலதான் நீங்க பேசிக்கிட்டீங்க. இப்ப அந்த வாயும் போச்சு. மேல ஒக்காந்திருக்கானே அந்த டாக்டரு, அவன் தொண்டையில இந்தக் கெண்டை முள்ளு குறுக்கால நிக்கணும்."

ஸெனோன் மெல்லுவதை நிறுத்தினான். இரண்டு சகோதரர்களும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். "அந்த டாக்டரு நீங்களா?" என்றான் மியேடெக். "நான்தான்" என்றான் ஸெனோன். பானி கெனியா கையை நீட்டி, அவன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து, முள்ளை ஆய்ந்து திருப்பி வைத்தாள்.

"சாப்பிடுங்க, ஆறிடும்" என்றது குரல், இரண்டு காலி நாற்காலிகளிடம். "மியேடெக், அண்ணனுக்கு ரொட்டி குடு."

மியேடெக் ரொட்டியை எடுத்தான். செஷெக்கின் பூட்ஸையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் கையில் வைத்திருந்தான். பிறகு கொடுத்தான். செஷெக் வாங்கிக்கொண்டான். பானி கெனியா கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவரையும் பார்த்து வேகவேகமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை காற்றை வெட்டியது. எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள். அது கேட்க இன்னும் ஏழு வருஷம் ஆகும்.

"தொண்ணூறு, டிசம்பர் இருபத்து நாலு" என்றான் மியேடெக், பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணனின் முகத்தைப் பார்த்து. "இப்பவே லீவு சொல்லி வச்சுக்க. அம்மா என்ன சொல்றாங்கன்னு கேக்கணும்ல."

"போன தடவ ஒரு லீப் வருஷம்தான், இந்தத் தடவ இடையில ரெண்டு வருது" என்றான் ஸெனோன். பழக்க தோஷம். "இருபத்து மூணாந்தேதியே கேட்டுடும். ஞாயித்துக்கிழம."

"அப்ப லீவு வேணாம்" என்று செஷெக் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, அதன் முதுகில் தேதியை எழுதிக்கொண்டான். பானி கெனியா இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.